எரிச்சலுக்குச் சிறைவாசமா?

தொல்லை தருவனவற்றையும், சித்தத்தைச் சிதறடிப்பனவற்றையும், கவலைக்குள்ளாக்குவனவற்றையும் சுட்டுவதற்கு ஆங்கிலேயர் தம் பாஷையில் சேர்த்துவைத்திருக்கும் விசேஷணங்கள் ஏராளம். 'அனாயிங்' என்பார்கள், அது முற்றினால் 'டிஸ்டர்பிங்' என்பார்கள், பயமும் கலந்துவிட்டால் 'மெனசிங்' என்பார்கள். நாவலாசிரியன் கையில் இவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இவையே ஒரு தண்டனைச் சட்டத்தின் வாசகத்தில் ஏறி அமர்ந்துகொண்டு, பேசியவனைச் சிறைக்கு அனுப்பத் தலைப்படும்போது விஷயம் ரசனையோடு நின்றுவிடாமல் பிரஜைகளின் சுதந்திரத்தைத் தொட்டுவிடுகிறது. திருட்டு என்றால் பொருள் கைமாறியிருக்க வேண்டும், அடி என்றால் தேகத்தில் பட்டிருக்க வேண்டும். 'எரிச்சலூட்டும் பேச்சு' என்பதற்கோ கேட்டவருடைய மனோபாவத்தைத் தவிர வேறு சாட்சியம் கிடையாது.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரசபை, மூன்று பேரோ அதற்கு மேற்பட்டவரோ நடைபாதையில் கூடி நின்று வழிப்போக்கருக்கு 'அனாயிங்' ஆக நடந்துகொள்வது குற்றம் என்று விதி செய்திருந்தது. அதன்படி தண்டிக்கப்பட்டவர்களில் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்ட மாணவர் ஒருவரும், தொழில் தகராறில் மறியல் செய்தவர்களும் இருந்தார்கள். ஒருவருக்கு எரிச்சலாக இருப்பது இன்னொருவருக்கு அப்படி இராது, ஆகவே எவருடைய எரிச்சலை அளவுகோலாகக் கொள்வது என்பதே இதில் தெரியவில்லை என்று காரணம் காட்டி, 1971ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்று தள்ளியது.

நாமோ அந்த அனுபவத்தைப் பொருட்படுத்தாமல், 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ பிரிவைப் புகுத்திக்கொண்டோம். மிகவும் புண்படுத்துவதாகவோ மிரட்டும் தன்மையுடையதாகவோ உள்ள செய்தியை அனுப்பினாலும், பொய்யென்று தெரிந்தே எரிச்சலும் அசௌகரியமும் விளைவிப்பதற்காகத் திரும்பத் திரும்ப எதையேனும் அனுப்பினாலும் 3 ஆண்டு வரை சிறை. இவ்வாசகத்தின் பூர்வீகம் 1935ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தபால் துறைத் திருத்தச் சட்டம். தொலைபேசி நிலையத்தில் அமர்ந்து, முகம் தெரியாதவனுடைய ஆபாச வசவைக் காதில் வாங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரு பாதுகாப்பாக அது அன்று வேண்டியிருந்தது. அந்த நோக்கத்தில் நான் குறை காணவில்லை. ஒருவர் காதோடு முடிந்துபோகும் வசவுக்கென்று தைத்த சட்டையை ஊரே கூடிப் பேசும் இணையத்துக்கு மாட்டிவிட்டதுதான் விபரீதம்.

பிரிட்டனிலேயே அவ்வாசகம் பட்ட பாடு அதிகம். 2010 ஜனவரியில், பனிப்பொழிவால் மூடப்பட்ட விமான நிலையத்தைத் தகர்த்துவிடப் போவதாக ஒருவர் ட்விட்டரில் விளையாட்டாக எழுதினார். கீழ்க் கோர்ட்டுகள் அதை மிரட்டல் என்றே கொண்டு அபராதம் விதித்தன. 2012ல் உயர் நீதிமன்றம் அதில் மிரட்டலே இல்லையென்று அவரை விடுவித்தது. வாசகம் ஒன்றே, சட்டமும் ஒன்றே, நீதிபதிகள்தாம் வேறு.

நம் நாட்டில் 2012 நவம்பரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே காலமானபோது மும்பை ஸ்தம்பித்தது ஏன் என்று பால்கர் ஊரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் பேஸ்புக்கில் கேட்டுவிட்டார். இன்னொரு பெண் அதற்கு 'லைக்' போட்டார். இருவரையும் போலீசார் கைது செய்தனர். யாரை எவர் மிரட்டினார்கள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. 66ஏ பிரிவை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ரோஹிண்டன் நாரிமன் எழுதிய தீர்ப்பு அப்பிரிவை முழுவதும் ரத்து செய்தது. சட்டம் பயின்ற நியாயாதிபதிகளே ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எதிரெதிரான முடிவுக்கு வரும்போது, சாமானியன் எதைப் பேசலாம் எதைப் பேசலாகாது என்று எப்படி அறிவான் என்பது அத்தீர்ப்பின் நியாயங்களில் ஒன்று.

அப்படியானால் உபத்திரவம் செய்பவனை விட்டுவிடுவதா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. ஒலிபெருக்கியின் இரைச்சலைக் கட்டுப்படுத்த 2000ஆம் ஆண்டு வகுத்த விதிகள் அதை 'எரிச்சலூட்டும் சப்தம்' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று அளவு குறித்தன. கருவியை வைத்தால் உண்மை தெரிந்துவிடும். கொலை மிரட்டலும், பெண்ணைப் பின்தொடர்ந்து நச்சரிப்பதும் செயலாகப் பெயர் சொல்லித் தண்டிக்கத் தக்கவை. அவற்றுக்கெனத் தனிப் பிரிவுகளும் உள்ளன.

ஆயினும் ரத்தான பிரிவின் கீழ் பல ஆண்டுகள் வழக்குப் பதிவாகிக்கொண்டே இருந்தது. 2021ல் இது உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்து, நீதிபதிகள் திகைத்துக் கேட்டபோது, அச்சிட்ட சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே இருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில் மட்டுமே உள்ளது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் விளக்கினார். இனி எவர்மீதும் அதன்படி நடவடிக்கை எடுக்கலாகாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. அடிக்குறிப்பை நம்பிக்கொண்டிராமல், பாராளுமன்றமே ஒரு திருத்தம் இயற்றி அப்பிரிவை மூலத்திலிருந்து எடுத்தது 2023ல்தான். அதற்கு ஒரு பிற்பகல் போதுமாயிருந்திருக்கும்.