சிறுமியரின் அழற்சியும் நமது மௌனமும்

பாடவேளையில் ஒரு மாணவி அடிக்கடி கழிப்பறைக்கு அனுமதி கேட்கிறாள், நாற்காலியில் நெளிகிறாள். பாடத்தைத் தட்டிக்கழிக்கிறாள் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அரிப்பு, சிவந்துபோதல், உள்ளாடையில் கறை ஆகியவை பிறப்புறுப்பு அழற்சியின் அறிகுறிகள் என்பதை ஆசிரியர்களாகிய நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்நோய் திருமணமான பெண்களுக்கே வரும் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. பூப்பெய்தாத சிறுமியரிடம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு மிகக் குறைவு. அதனால் அப்பகுதியின் தோல் மெல்லியதாகவும் எளிதில் எரிச்சலுறுவதாகவும் இருக்கிறது. வாசனைச் சோப்பு, நுரைக்குளியல், ஈரம் உலராத உள்ளாடை, இறுக்கமான நைலான் துணி, மலம் கழித்தபின் பின்னிருந்து முன்னாகத் துடைத்தல் போன்றவையே பெரும்பாலும் காரணம். இரவில் அரிப்பு மிகுந்தால் கீரிப்பூச்சியை ஐயுறலாம். துர்நாற்றமோ இரத்தமோ கண்டால், உள்ளே தாள் துணுக்கு போன்ற ஏதேனும் சிக்கியிருக்கக்கூடும். தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாய்மார்கள் சிலர் செய்யும் ஒரு காரியத்தில் எனக்கு உடன்பாடில்லை. தமக்கு முன்பு மருத்துவர் கொடுத்த பூஞ்சை நோய்க் களிம்பை மகளுக்கும் தடவிவிடுகிறார்கள். வளர்ந்த பெண்களிடம் கேண்டிடா பூஞ்சை பரவலாகக் காணப்படுவதுதான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டபின்னும், நீரிழிவு கட்டுக்குள் இல்லாதபோதும் அது தலைதூக்கும். (நம் சமுதாயத்தில் நீரிழிவு எவ்வளவு மலிந்துள்ளது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) அணையாடைப் பருவம் கடந்த, பூப்பெய்தாத சிறுமிக்கோ அது அரிது. களிம்பு தடவிக் காத்திருக்கும் நாள்களில் உண்மைக் காரணம் அப்படியே இருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. முழங்கை, கணுக்கால் என உடலுறுப்புகளைக் கற்பிக்கும் நாம், இவ்வுறுப்புக்கு மட்டும் பெயர் தராமல் "அங்கே" என்கிறோம். பெயரில்லாத இடத்தில் வலிக்கிறது என்று எட்டு வயதுப் பிள்ளை எவ்வாறு கூறும்? நலக்கல்விப் பாடத்தில் இனப்பெருக்க நலம் இடம்பெற்றிருந்தும், அப்பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடும் வகுப்புகள் உண்டு. அழற்சி என்றதும் பாலியல் கொடுமை எனப் பதறுதல் கூடாது. காரணம் பெரும்பாலும் சாதாரணமானதே. ஆயினும், மீண்டும் மீண்டும் வந்தாலோ, பிள்ளை யாரையேனும் கண்டு அஞ்சினாலோ, அவ்வையமும் நம் மனத்தில் இருந்தாக வேண்டும். அதைச் சொல்வதற்கும் அப்பிள்ளைக்குச் சொல் வேண்டுமே!

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவியர் கழிப்பறைக் குழாயில் நீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறையேனும் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத அறையில் பிள்ளைகள் சரியாகக் கழுவாமலே ஓடிவந்துவிடுகிறார்கள்.