கரிக்குக் கண் இல்லை

சோழவந்தான் என்றால் வெற்றிலை, அடுத்தது தென்னை. தேங்காயை உடைத்த பின் மிஞ்சும் சிரட்டை ஒரு காலத்தில் அடுப்போடு முடிந்தது. இன்று சிரட்டைக் கரி சோப்பாகவும் முகப்பூச்சாகவும் பற்பசையாகவும் மாத்திரையாகவும் சிற்றூர்க் கடைத்தெரு வரை வந்துவிட்டது. இவற்றை விற்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: கரி நச்சை உறிஞ்சும், ஆகவே முகத்தில் பூசினால் அழுக்கை இழுக்கும், பல்லில் தேய்த்தால் வெண்மை தரும், விழுங்கினால் உடம்பைச் சுத்தம் செய்யும். இதில் முதல் கூற்று உண்மை. அந்த ஒரு உண்மையைக் காட்டித்தான் மற்ற மூன்றையும் நம்பவைக்கிறார்கள். உறிஞ்சும் ஆற்றல் இருப்பது வேறு, அது நம் உடம்புக்கு நன்மை செய்வது வேறு என்பதை மக்களிடமிருந்து மறைப்பதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். அடுப்புக் கரிக்கோ, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரிக்கோ அது பெரிதாகக் கிடையாது. கரியை ஏறக்குறைய 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியால் பதப்படுத்தும்போது எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை விரித்தால் 1,000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு வரும். அந்தச் சுவர்களில்தான் பொருள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் நல்லது எது, கெட்டது எது என்று கரி பார்ப்பதில்லை. சாராயம், இரும்புச் சத்து, லித்தியம், கடும் அமிலம் போன்றவை அதில் சரியாக ஒட்டுவதுமில்லை. ஒட்டக்கூடிய பொருளும் கரியை நேரில் தொட வேண்டும். கரி போதிய அளவு இருக்க வேண்டும். அதன் துளைகள் காலியாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை வைத்தே ஒவ்வொரு விளம்பரத்தையும் சோதிக்கலாம்.

ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்களே என்பார்கள். கொடுக்கிறார்கள், எப்படி என்பதையும் கேட்க வேண்டும். நஞ்சு இன்னும் வயிற்றில் இருக்கும்போது, பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள், பெரியவர்களுக்கு 50 கிராம் போன்ற பெரிய அளவில், நுரையீரலுக்குள் போய்விடாதபடி மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். அப்படியும் பலன் உறுதியில்லை. இலங்கையில் மஞ்சள் அரளி நஞ்சுக்கு ஆளான 401 பேரிடம் நடந்து 2003இல் வெளிவந்த ஆய்வில், கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்த பிரிவில் இறப்பு 2.5 விழுக்காடு, மற்றப் பிரிவில் 8 விழுக்காடு. நம்பிக்கை தந்த முடிவுதான். ஆனால் பூச்சிக்கொல்லியாலும் அரளியாலும் பாதிக்கப்பட்டவர்களே பெரும்பாலோராக இருந்த 4,632 நோயாளிகளிடம் அங்கேயே நடந்த பெரிய ஆய்வு, 2008இல் லான்செட் இதழில் வந்தபோது, கரி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இறப்பு வீதத்தில் வேறுபாடு காணவில்லை. உயிர் காக்கும் சிகிச்சையிலேயே இவ்வளவு தயக்கத்தோடு கையாளப்படும் பொருளை, நோயே இல்லாதவர் தினமும் விழுங்க எந்த நியாயமும் இல்லை.

அப்படி விழுங்கினால் உடம்பின் கழிவு வெளியேறும் என்பதற்கு அடிப்படையே கிடையாது. இரத்தத்தைச் சுத்தம் செய்வது கல்லீரலும் சிறுநீரகமும். கரி இரத்தத்தில் கலக்காது. குடல் வழியே போய் மலத்தோடு வெளியேறும். போகிற வழியில் அதன் கையில் சிக்குவது சாப்பிட்ட மருந்து. வலிப்புக்குத் தரும் கார்பமசிபின், மூச்சிரைப்புக்குத் தரும் தியோபிலின் ஆகியவை அளவு மீறிப்போனால் அவற்றை இழுத்தெடுக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது இதே கரியைத்தான். அப்படியானால், அந்த மருந்துகளைச் சரியான அளவில் உட்கொள்பவர் ‘உடம்பு சுத்தத்துக்கு’ என்று கரி மாத்திரையும் போட்டால், தன்னைக் காக்கும் மருந்தைத் தானே வெளியேற்றும் அபாயத்தில் நிற்கிறார். நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2018இல் உணவிலும் பானத்திலும் இந்தக் கரியைச் சேர்க்கத் தடை விதித்தது. நம் ஊரில் அது ஆரோக்கியத்தின் பெயரால் விற்கப்படுகிறது.

முகப்பூச்சின் கதையும் இதுவே. எண்ணெயும் பசையும் நுரைப்பொருளும் சேர்த்துக் குழைத்த கலவையில் கரியின் துளைகள் டப்பாவுக்குள்ளேயே பெருமளவு அடைபட்டுவிடும். முகம் கழுவியதும் பளிச்சென்று இருந்தால் அது நுரைப்பொருள் செய்த வேலை. காய்ந்ததும் உரித்தெடுக்கும் கறுப்புப் பூச்சில் ஒட்டி வருபவை பூனைமுடியும், மேல்தோலின் செல்களும், துவாரங்களில் இயல்பாகவே இருக்கும் எண்ணெய்த் திரிகளும்தான். அவற்றை இழுப்பது பசை. திரிகள் மறுபடி உருவாகிவிடும்; உரிந்த தோல்தான் எரிச்சலோடு மிஞ்சும். பற்பசையிலோ நட்டம் நிரந்தரமானது. கரிப் பற்பசைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழ் 2017இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றின் பலனுக்கும் பாதுகாப்புக்கும் போதிய சான்றில்லை என்று முடித்தது. கரித்தூளின் உராய்வு மேற்கறையை எடுக்கலாம். அதே உராய்வு எனாமலைத் தேய்த்தால், அது மீண்டும் வளராது. அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் தெரியத் தொடங்கும். வெண்மைக்காகத் தேய்த்த பல் கடைசியில் மஞ்சளாகிவிடும்.

முன்னோர்கள் கரியால்தானே பல் விளக்கினார்கள் என்பது அடுத்த வாதம். விளக்கினார்கள். காசில்லாமல் அடுப்பங்கரையில் கிடைத்தது கரி, அதனால் விளக்கினார்கள். பல்லுக்கு உறுதி என்று வழிவழியாகச் சொல்லிவந்தது ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும்தான். அவர்களுடைய வறுமையைப் பண்பாடு என்று பெயர் மாற்றி, நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் விற்பது மரபுக்குச் செய்யும் மரியாதையாகாது. தண்ணீரைச் சுத்திகரிக்கவில்லையா என்றும் கேட்பார்கள். சுத்திகரிக்கிறது; ஏனென்றால் அங்கே தண்ணீர் முழுவதும் கரியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, துளைகள் நிரம்பியதும் கரியை மாற்றிவிடுகிறோம். முகத்திலும் குடலிலும் அந்த ஏற்பாடு ஏது?

இந்தக் கண்டனம் தென்னை வைத்திருப்பவருக்கு எதிரானதல்ல. குடிநீர்ச் சுத்திகரிப்பு, தங்கத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை, நச்சுவாயு முகமூடி எனச் சிரட்டைக் கரிக்கு உலகமெங்கும் நேர்மையான சந்தை இருக்கிறது. பொய்யைத் துணைக்கழைக்க வேண்டிய நிலையில் அது இல்லை. மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ‘நச்சை நீக்கும்’ என்று அட்டையில் அச்சடிப்பவரிடம் எந்த நச்சு, எவ்வளவு, எந்த ஆய்வில் என்று அதிகாரிகள் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் அந்த வரியை நீக்க வைக்க வேண்டும். நாமும் பருவுக்குத் தோல் மருத்துவரிடமும், பல்லுக்கு ஃபுளோரைடு பற்பசையிடமும் போவோம். யாரேனும் நஞ்சு உட்கொண்டுவிட்டால் வீட்டில் கரியைக் கரைத்துக்கொண்டிருக்காமல், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். கரி கொடுக்க வேண்டுமா என்பதை அங்கே மருத்துவர் முடிவு செய்யட்டும்.