கொடிக்கயிறு யார் கையில்?

ஆகஸ்ட் 15 அன்று திண்டுக்கல்லில் ஆட்சியர் கொடியேற்றுவார், போலீஸ் அணிவகுப்பு நடக்கும், பள்ளிப் பிள்ளைகள் ஆடுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள். மறுநாள் பேப்பரில் படம் வரும். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. நான் பார்க்கச் சொல்வது ஊராட்சி அலுவலகத்தின் கொடிக்கம்பத்தை.

2020இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவர் அமிர்தத்தைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. அவர் தலித். செய்தி வெளியே வந்து நாடே பேசிய பிறகு, ஆட்சியரும் எஸ்.பி.யும் உடன் நிற்க, ஆகஸ்ட் 20 அன்று ஏற்றினார். 2022இல் தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யச் சொல்லி அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்கு அப்போது வயது 75.

சுதந்திர தினத்தில் ஆளுநர் அல்ல, முதலமைச்சரே கொடியேற்ற வேண்டும் என்று டெல்லியிடம் கேட்டுப் பெற்ற மாநிலம் இது. 1974இல் கலைஞர் கோட்டையில் ஏற்றினார். கோட்டைக்குக் கிடைத்த மாநில உரிமை சேரிவரை இறங்கவில்லை.

'1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றவர் பெரியார். இந்தக் கொடிக்கு ஏன் இவ்வளவு ஏக்கம்?' என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். ஏற்ற மாட்டேன் என்பது ஒருவரின் அரசியல். ஏற்றக் கூடாது என்று இன்னொருவர் தடுப்பது சாதி. தடுப்பவருக்குக் கொடியின் மேல் ஒரு கோபமும் இல்லை. அன்றைக்கே கிராம சபையும் கூடுகிறது. காலையில் கயிற்றைத் தொட முடியாதவர் பிறகு அதே சபைக்குத் தலைமை தாங்கிக் கணக்குக் கேட்பாரா? காசோலையில் துணைத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும். அவர் ஆதிக்க சாதிக்காரராக இருந்தால் தலைவர் அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். நம் நத்தத்தை ஒட்டிய மேலூர் வட்டத்தில், மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டது இந்த நாற்காலிக்காகத்தான்.

சட்டம் இருக்கிறது. தலித் ஊராட்சித் தலைவரைப் பணி செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமை என்று சொல்லும் திருத்தம் நடைமுறைக்கு வந்ததே ஒரு குடியரசு நாளில், 2016 ஜனவரி 26 அன்று.

திண்டுக்கல் உட்பட 27 மாவட்டங்களில் 2019இல் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அதிகாரி கயிற்றைப் பிடித்தால் ஊரில் யாருக்கும் வலிப்பதில்லை. தேர்தல் முடிந்து தனித்தொகுதித் தலைவர் வந்த பிறகு வரும் முதல் ஆகஸ்ட் 15க்கு உங்கள் ஊர்க் கொடிக்கம்பத்தடியில் போய் நில்லுங்கள். கயிறு யார் கையில் என்று பாருங்கள், கைபேசியில் படமெடுங்கள், பிறகு கிராம சபையிலும் உட்காருங்கள்.