எல்லைக் கோட்டில் நிற்கும் கைகள்

ஓட்டப் பந்தயத்தைக் காணச் செல்வோரின் கண்களெல்லாம் ஓடுவோர் மீதே பதிந்திருக்கும். எல்லைக் கோட்டுக்கு அப்பால் யார் நிற்கின்றார், எதற்காக நிற்கின்றார் என்று எவரும் நோக்குவதில்லை. அவ்வாறு அங்கு நின்ற ஓர் ஆசிரியரைப் பற்றியும், அவரை நோக்கி ஓடிவந்த ஒரு மாணவியைப் பற்றியும் இவ்வாரம் நம் வாசகருடன் சிறிது அளவளாவ விரும்புகின்றோம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலே வின்ஸ்ரன் சேலம் என்றொரு நகரம் உண்டு. அந்நகரின் மவுண்ட் தேபர் உயர்நிலைப் பாடசாலையிற் பயின்ற கைலா மொன்ற்கொமறி என்னும் பெண், 2014 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில், தன் மாநிலத்தின் 3,200 மீற்றர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றாள். அப்பொழுது அவளுக்கு வயது 18. ஓடி முடிக்க எடுத்த நேரம் 10 நிமிடம் 43 வினாடி.

வெற்றி பெற்றவர் கைகளை உயர்த்திக் களிப்பது உலக வழக்கம். இப்பெண்ணோ பந்தயத்தை முடிக்குந்தோறும் நிற்கமாட்டாது துவண்டு விழுவாள். அவள் தரையில் மோதுமுன் அவளைத் தாங்கிக்கொள்வதற்காகவே பயிற்சியாளர் பற்றிக் குறொம்வெல் கோட்டுக்கு அப்பாற் காத்து நிற்பார். அவளைத் தூக்கிச் சென்று ஓரத்திற் கிடத்தியதும், பெற்றோர் ஓடிவந்து அவள் கால்களுக்குப் பனிக்கட்டி வைப்பர். சில நிமிடங்களில் உணர்ச்சி மீளும். அவள் எழுந்து நடப்பாள்.

இஃது ஏன் என்று மாணாக்கர் வினவுவர். சிறிது விளக்குவோம்.

நம் உடலிற் காவற்படை ஒன்று உண்டு. வெளியிலிருந்து புகும் கிருமிகளை எதிர்த்துப் போரிடுவது அதன் கடமை. சிலரிடத்தில் அப்படை தன் உடலையே பகையென மயங்கித் தாக்கத் தொடங்குகின்றது. வேலியே பயிரை மேய்வது என்று நம் முன்னோர் சொன்னது இதற்குப் பொருந்தும். நீரிழிவில் ஒரு வகை, மூட்டுவாதத்தில் ஒரு வகை, லூப்பஸ் எனப்படும் நோய் ஆகியன யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. கைலாவுக்கு 15 ஆவது வயதில் வந்தது மல்ரிபிள் ஸ்கிளிறோசிஸ் என்பதாகும். உதைபந்தாட்டத்தில் விழுந்தபின் அவள் கால்களில் உணர்ச்சி குன்றியது. படமெடுத்துப் பார்த்தபோது மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் வடுக்கள் காணப்பட்டன.

மின்கம்பியைச் சுற்றி இறப்பர் உறை இருப்பதுபோல, நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. அவ்வுறை உள்ள நரம்பிலே செய்தி வினாடிக்கு 100 மீற்றர் வரை விரைந்து செல்லவல்லது. இந்நோயில் உடலின் காவற்படை அவ்வுறையை அரிக்கின்றது. உறையிழந்த இடத்திற் செய்தி தயங்குகின்றது. சிலவேளை அறவே நின்றும் விடுகின்றது. பிரான்சிய வைத்தியர் சார்க்கோ 1868 ஆம் ஆண்டில் இந்நோயைத் தெளிவுற விளக்கினார். 2020 ஆம் ஆண்டளவில் உலகில் ஏறக்குறைய 28 இலட்சம் பேர் இதனுடன் வாழ்ந்தனர் எனக் கணக்கிட்டுள்ளனர். ஆண்களிலும் பெண்களையே இது மிகுதியாகப் பற்றும். வெப்ப நாடுகளில் இது குறைவு. இதனை முற்றாக நீக்கும் மருந்து இல்லை. அதன் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் பல உள.

இனி, ஓட்டத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் காண்போம். ஜெர்மானியக் கண் வைத்தியர் ஊத்தொவ் என்பார் 1890 ஆம் ஆண்டில் ஒரு புதுமையைக் குறித்து வைத்தார். இந்நோயாளர் சிலருக்கு, உடலை வருத்தி இயங்கியதும் கண் பார்வை மங்கியது, ஓய்வெடுத்ததும் தெளிந்தது. இதற்குக் காரணம் உடலின் சூடே என்பது பின்னர் அறியப்பட்டது. உறை தேய்ந்த நரம்பிலே, அரைப் பாகை வெப்பம் ஏறினாலும் செய்தி தடைப்படக்கூடும். இந்நோய் உண்டோ இல்லையோ என்று அறிவதற்கு, ஐயத்துக்கு உள்ளானவரை வெந்நீர்த் தொட்டியில் இருத்திச் சோதித்த காலமும் உண்டு.

ஆகவே, ஓட ஓடக் கைலாவின் உடல் சூடேறும், கால்கள் மரத்துப்போகும். ஒரே சீரான வேகத்தில் ஓடும்வரை அக்கால்கள் பழக்கத்தினாலே முன்செல்லும். அவ்வேகம் தடைப்பட்டாலோ, நிற்க முயன்றாலோ, தன் கால்களை ஆளும் வலிமை அவளுக்கு இல்லாது போகும். ஓடுவது அவளுக்கு இயலும், நிற்பதே இயலாது.

இத்தகைய பெண்ணை ஓட விடலாமா? இவ்வினாவை அப்பயிற்சியாளர் எதிர்கொள்ள நேர்ந்தது. நம்மவரில் எவரும் எதிர்கொள்ள நேரலாம். "பிள்ளையை வதைக்கின்றார்" என்று ஒருவர் சொல்வார். "அவள் விருப்பத்தைத் தடுக்க நாம் யார்" என்று மற்றொருவர் சொல்வார். இரண்டும் அவசரத் தீர்ப்பே. ஆபத்து எங்குள்ளது என்று முதலில் ஆராய்தல் வேண்டும்.

வெப்பத்தினால் வரும் தளர்ச்சி, உடல் குளிர்ந்ததும் நீங்கிவிடுகின்றது. அது நோயை வளர்ப்பதன்று. முற்காலத்தில் வைத்தியர்கள் இந்நோயாளரை உடலை வருத்தாது இருக்குமாறே பணித்தனர். 1996 ஆம் ஆண்டில் யூற்றாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் சிலர், நோயாளர் ஒரு தொகுதியினரை 15 வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்வித்து, அவர்தம் உடல்வலியும் மனநிலையும் மேம்பட்டதைக் கண்டனர். அதன்பின் பழைய விலக்கு மெல்ல மெல்லத் தளர்ந்தது. அப்படியாயின், கைலாவைப் பொறுத்தவரை பேராபத்து ஓட்டத்தில் இல்லை. ஓட்டம் முடியும் இடத்தில், அந்த வீழ்ச்சியிலே உள்ளது. அதற்கு வேண்டிய மருந்து தடையுத்தரவு அன்று, இரண்டு கைகள்.

இங்கு நாம் கருதவேண்டிய ஒன்று உண்டு. குறொம்வெல் அக்கோட்டிலே நிற்க முடிந்தது எதனால்? அவளுக்கு உள்ள நோயை அவர் அறிந்திருந்தமையால். அறியாதிருந்தால், ஏனைய பயிற்சியாளர்களைப் போல அவரும் ஓரத்தில் நின்று நேரம் கணித்துக்கொண்டிருப்பார். பிள்ளை தனியே விழுந்திருப்பாள்.

நம் வீடுகளில் நடப்பது யாது? பெண் பிள்ளைக்கு நீடித்த நோய் ஒன்று இருப்பதாக வைத்தியர் சொன்ன அன்றே, அதனை மறைக்கும் வேலையும் தொடங்கிவிடுகின்றது. அயலார் அறியலாகாது, உறவினர் அறியலாகாது, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இது தலைகாட்டலாகாது. பாடசாலைக்கும் சொல்வதில்லை. மைதானத்துக்குப் போகாதே என்று மட்டும் பிள்ளைக்குக் கட்டளை பிறக்கும். கல்லூரியில் இத்தகைய பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். விளையாட்டு வேளையில் தலையிடி என்று சொல்லி வகுப்பறை மூலையில் அமர்ந்திருப்பர். அவர்கள் முகத்தில் இருப்பது தலையிடி அன்று என்பது பார்த்தவுடனேயே தெரியும்.

பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளவில்லை. ஊர்வாய் பொல்லாதது என்பதை அறியாதவர் யார்? ஆயினும், ஊர்வாய்க்கு அஞ்சி மறைத்த உண்மை, உதவ வந்த கைகளுக்கும் மறைந்துபோகின்றது என்பதை அவர்கள் சிந்தித்தல் வேண்டும். இன்சுலின் ஏற்றும் பிள்ளை மைதானத்தில் வியர்த்து மயங்கினால், சீனியோ இனிப்பான பானமோ உடனே கொடுக்க வேண்டும் என்று அருகிலுள்ள ஆசிரியர் எவ்வாறு அறிவார்?

எல்லாரும் நெடுந்தூரம் ஓடவேண்டும் என்று நாம் கூறவில்லை. நோய்க்கு நோய் முறை வேறு. லூப்பஸ் உள்ளவருக்கு வெயில் ஆகாது. அவர் ஓடுவதாயின் கதிரவன் எழுமுன் ஓடுதல் நன்று. மூட்டுவாதம் சினந்து வீங்கிய நாள்களில் மூட்டுக்கு ஓய்வு வேண்டும். அது தணிந்த நாள்களில் அளவான இயக்கம் நன்மை பயக்கும். இன்சுலின் ஏற்றுபவர் ஓடுமுன்னும் பின்னும் இரத்தத்திலுள்ள சீனியின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்பத்தாற் கால் தளர்பவருக்கு நம் நாட்டு நண்பகல் ஏற்றதன்று. குளிர்ந்த நீரும் நிழலும் அருகில் இருத்தல் வேண்டும். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதைப் பிள்ளையை அறிந்த வைத்தியரே சொல்லல் தகும். அவரிடம் "விளையாடலாமா?" என்று மட்டும் கேட்டால், "வேண்டாம்" என்ற விடையே எளிதில் வரும். "எப்படி விளையாடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், விடை வேறாக இருத்தல் கூடும்.

கைலா பின்னர் தென்னசி மாநிலத்தின் லிப்ஸ்கம் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து ஓடினாள். நோய் அவளை விட்டு நீங்கியதால் அன்று, நோயோடுதான் ஓடினாள். இந்நோயின் பிற்காலம் இன்னவாறு இருக்குமென்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. கால்கள் இயங்கும் காலத்திலே ஓடிவிட வேண்டும் என்பதே அவள் எண்ணம். அதனாலேயே, தன்மீது இரக்கங்காட்டிப் பயிற்சியைக் குறைக்கவேண்டாம் என்று பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டாள். அவர் குறைக்கவில்லை, ஆனால் கோட்டை விட்டு அகலவுமில்லை.

ஆசிரியராகிய நமக்கும் பெற்றோராகிய உங்களுக்கும் கடமை அவ்விரண்டிலும் அடங்கும். உங்கள் வீட்டிலும் அத்தகைய பிள்ளை இருப்பின், நாளை திங்கட்கிழமை வகுப்பாசிரியரைக் கண்டு, நோயின் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். கோட்டில் எவர் நிற்பது என்பதைப் பின்னர் இருவருமாகப் பேசிக்கொள்ளலாம்.