கார்க்கொட்டிலும் ஒரு கலைச்சொல்லும்

கலைச்சொல்லாக்கம் பற்றி அறிஞர் பலர் பலகாலும் எழுதியுள்ளனர். நானும் அதுபற்றியே சில சொல்ல விழைகின்றேன். ஆயின் நான் தொடங்குவது அகராதியிலிருந்து அன்று. என் தமக்கையார் வீட்டுக் கார்க்கொட்டிலிலிருந்து. நான் ஆராயாது கொடுத்த ஒரு சொல், அங்கே அவரது சீட்டுப்பணத்தில் ஒரு பெரும் பங்கைத் தின்றுவிட்டது. பிழை என்னுடையது. ஆதலின் அதை நானே எழுதுதல் முறை.

அத்தானிடம் ஒரு பழைய ஒஸ்ரின் கார் இருந்தது. 1995 இடப்பெயர்வின்போது அதை விட்டுச் சென்றார்கள். திரும்பி வந்தபோது கார் இல்லை. கொட்டில் மட்டும் எஞ்சியிருந்தது. பதினெட்டு அடி நீளம், பத்தடி அகலம். மூன்று பக்கம் சீமெந்துக்கற் சுவர், முன்பக்கம் தகரக் கதவு, மேலே ஓடு. அதன்பின் நெடுங்காலம் விறகும் பொச்சுமட்டையும் இரண்டு சைக்கிள்களும் அதனுள் குடியிருந்தன. என் மருமகன் மிருதங்கம் முறையாகப் பயின்றவன். நண்பர்களுடன் இருந்து வாசித்துத் தானே ஒலிப்பதிவு செய்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது அவன் நெடுநாள் ஆசை. பட்டணத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் மணிக்கணக்கிற்குப் பணம் கொடுத்து அவனுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே தாயாரிடம் கொட்டிலைக் கேட்டுப் பெற்றான்.

என்னிடம் அவன் கேட்டது பெயர் ஒன்றே. “மாமா, சவுண்ட்புறூவ் எண்டதுக்குத் தமிழிலை என்ன?” என்றான். நான் மாணவர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே, “ஓசையடக்கு கூடம் என்று எழுது” என்றேன். சந்தி சரியாக இருந்தது. வினைத்தொகையும் அழகாக அமைந்தது. அவன் அதைப் பலகையிலே பொறித்தான். அதோடு நில்லாது, அச்சொல்லின்படியே வேலையும் செய்தான். அடக்குவது என்றால் மென்மையான பொருளால் அமுக்குவதுதானே? பேக்கரிகளில் முட்டை மட்டைகளைச் சேகரித்தான். கொழும்பிலிருந்து கரிய நுரைத்தகடுகளை வரவழைத்தான். சுவரிலும் கதவிலும் ஓர் அங்குலம் விடாது ஒட்டி முடித்தான்.

மதிலுக்கு அப்பால் உள்ள வீட்டில் ஒரு பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்த வாரமே அவளுடைய தாயார் என்னிடம் வந்தார். அவ்வம்மையார் சொன்னபடியே எழுதுகின்றேன். பேச்சுவழக்கை ஏட்டிலேற்றலாகாது என்னும் கட்சியினர் பொறுத்தருள்க. “முந்தியெண்டால் மிருதங்கம் எண்டு விளங்கும் மாஸ்ரர். இப்ப ஆரோ சுவரை இடிக்கிற மாதிரிக் கிடக்கு.”

இதைவிடத் திருத்தமான ஆய்வுரையைப் பின்னர் நான் எந்த நூலிலும் காணவில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் எழும் நாதம் மீடிறன் கூடியது. தொப்பியில் எழும் ஓசை தாழ்ந்தது. நுரைத்தகடு மேலோசையை ஓரளவு உண்டுவிட்டது, கீழோசையைத் தொடவேயில்லை. ஆகவே அயல்வீட்டிற்குச் சென்றது சொற்கட்டு இழந்த வெறும் அதிர்ச்சி. உள்ளேயோ வேறொரு துன்பம். பாடவந்த நண்பனுக்குத் தன் குரல் தன்னிடம் திரும்பி வரவில்லை. பஞ்சு மூட்டைக்குள் இருந்து பாடுவது போலத் தொண்டை வரண்டதாம். பணமும் போயிற்று, அயலும் பகையாயிற்று, பாட்டும் கெட்டது.

எங்கள் பாடசாலைப் பௌதிகவியல் ஆசிரியரிடம் சென்று முறையிட்டேன். அவர் சிரித்துவிட்டு, “பண்டிதர் ஐயா, இரண்டு தொழிலுக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள்” என்றார். ஒலி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லாது மறித்தல் ஒன்று. ஓர் அறைக்குள்ளேயே சுவருக்குச் சுவர் தெறித்துத் திரியும் ஒலியைத் தணித்தல் மற்றொன்று. முன்னதற்கு வேண்டுவது பாரமும் அடைப்பும். பின்னதற்கு வேண்டுவது துளையுள்ள மென்பொருள். வெள்ளத்தை அணை மறிக்கும்; சிந்திய நீரைத் துணி உறிஞ்சும். துணியை விரித்து வெள்ளத்தை மறிக்க முயல்வார் உண்டோ? என் மருமகன் முயன்றான். முயலச் சொன்னவன் நான்.

இப்பின்னதன் வரலாறு சுவையானது. 1895 இல் அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகத்தில் புதிதாய் எழுந்த ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் பேசி முடிந்தபின்னும் ஏறக்குறைய ஐந்தரைச் செக்கன் அது அங்கே சுழன்றுகொண்டிருந்தது. சபைன் என்னும் இளம் பௌதிகவியல் ஆசிரியரிடம் அதைச் சீர்செய்யும் பொறுப்பு வந்தது. அவர் பக்கத்து அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகின்றது என்று அளந்தார். அவ்வளவையிலிருந்து பிறந்ததே இன்றைய மண்டப ஒலியியல். 1900 இல் திறந்த பொஸ்ரன் இசைமண்டபம் அவர் கணக்கைக்கொண்டு அமைந்தது. ஈண்டு நோக்கற்பாலது யாதெனில், சபைன் அந்த மெத்தைகளால் வீதிக்குச் செல்லும் ஒலியை மறிக்க முயன்றாரல்லர். உள்ளே தங்கிய ஒலியின் ஆயுளையே குறைத்தார்.

மறித்தலின் இயல்போ எனக்குப் புதிதன்று, அறிந்தும் அறியாதிருந்தேன். 1990 களின் தொடக்கத்தில் எங்கள் வளவிலும் ஒரு பதுங்கு குழி இருந்தது. பனங்குற்றிகள், அவற்றின்மேல் மண்மூட்டைகள். அதனுள் இருக்கும்போது துப்பாக்கி வெடியின் கூரிய ஓசை மங்கிவிடும். எறிகணை விழும் ஓசை மட்டும் நிலத்தின் வழியே வந்து நெஞ்சில் இடிக்கும். மண்மூட்டைக்குப் பதிலாகப் பஞ்சு மூட்டை அடுக்க அன்று எவரும் எண்ணவில்லை. பாரம் மறிக்கும் என்பதையும், தாழ்ந்த ஓசையை மறித்தல் அரிது என்பதையும் அந்தக் குழியில் இருந்த சிறுவர் முதல் கிழவர் வரை அறிந்திருந்தோம். முப்பது ஆண்டு கழித்து ஒரு சொல்லைக் கொடுக்கும்போது அவ்வறிவு எனக்கு உதவவில்லை.

நிற்க. ஆசிரிய நண்பர் கொட்டிலுக்கு வந்து, சுவரும் ஒரு தோலே என்று மருமகனுக்கு விளக்கினார். உள்ளே ஒலி தாக்கச் சுவர் நுண்ணிதாய் அதிர்கின்றது. அதன் அதிர்வால் வெளிக்காற்று அதிர்கின்றது. தோல் பாரமாயின் அதிர்வு குறையும். தொப்பிக்கு ரவை அப்புகிறவனுக்கு இதை இருமுறை சொல்லவேண்டியதில்லை. சுவரின் பாரத்தை இருமடங்காக்கினால் ஐந்து அல்லது ஆறு தெசிபெல் கூடுதலாக மறிக்கும். அதற்குமேல் பாரத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் அத்திவாரம் தாங்காது. ஆதலின் சிறிது இடைவெளி விட்டு, முதற்சுவரைத் தொடாமல், இரண்டாவது மெல்லிய சுவர் ஒன்று எழுப்பல் வேண்டும். ஓர் ஆணியேனும் இரண்டையும் இணைக்கலாகாது; இணைத்தால் ஒன்றின் நடுக்கம் மற்றதற்கு ஏறும். இடைவெளியில் கனிமப் பஞ்சு இடலாம். நுரைத்தகடு விற்போர் இவற்றுள் ஒன்றையும் சொல்வதில்லை.

இவையெல்லாவற்றிலும் என்னை வியக்கவைத்தது துளைபற்றிய கணக்கு. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்றைய தொண்ணூற்றொன்பது பங்கும் கருங்கல்லாயினும், இருபது தெசிபெல்லுக்கு மேல் மறிக்க இயலாது. எங்கள் கொட்டிலின் ஓட்டு இடுக்குகளும் தகரக் கதவின் ஓரங்களும் அந்த ஒரு பங்கினும் பன்மடங்கு பெரியன. அவற்றை அப்படியே விட்டுவிட்டுச் சுவர் முழுவதும் முட்டை மட்டை ஒட்டினோம்.

பணம் வீணாவதோடு இப்பிழை நின்றுவிடின் நான் இத்துணை வருந்தேன். 2003 பெப்ரவரி 20 ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் றோட் ஐலன்ட் மாநிலத்தில் ஓர் இசைவிடுதி எரிந்து நூறு பேர் மாண்டனர். அயலவர் ஓசைபற்றி முறையிட்டதன்பின் அவ்விடுதியின் சுவரில் நுரைத்தகடு ஒட்டப்பட்டிருந்தது. மேடையில் கொளுத்திய மத்தாப்பு அதைப் பற்றியது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. இதைப் படித்த அன்றிரவே மருமகனை அழைத்து, தகடுகளையும் மட்டைகளையும் கழற்றுவித்தேன். ஒரே கதவும், பழைய மின்கம்பிகளும், நாலு பக்கமும் எரியத்தக்க பொருளும் உள்ள அறையில் அவன் நள்ளிரவு வரை தனியே இருந்திருக்கிறான்.

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழில் ‘ஒலிபுகா’ என்னும் அடை முன்னரே வழங்குகின்றது. அது பழுதன்று, மறித்தலை மட்டுமே குறிப்பதால் ஆங்கிலச் சொல்லினும் தெளிவுடையது என்றே சொல்வேன். ஆயினும் தொழிலின் பெயராக இரண்டு சொற்கள் வேண்டும். முன்னதை ஒலிமறிப்பு என்றும், பின்னதை ஒலியுறிஞ்சல் என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. உறிஞ்சல் எங்கள் பௌதிகவியற் பாடநூல்களில் ஏலவே உள்ளது. மறிப்பு, மாடு மறித்தல், வழி மறித்தல் என ஊரார் நாவில் உள்ளது. நுரைத்தகட்டுப் பொதியில் ‘ஒலியுறிஞ்சி’ என்று அச்சிட்டிருந்தால் என் தமக்கையார் அதற்குப் பணம் கொடுத்திருக்கமாட்டார்.

எங்கள் அரசகரும மொழித் திணைக்களத்தினர் 1950 களிலும் 60 களிலும் வெளியிட்ட சொற்றொகுதிகளை இன்று சிலர் எள்ளி நகையாடுவதுண்டு. மீடிறன் என்பதைப் பாருங்கள். மீளுந்திறன் என விரியும் அச்சொல், பொருளின் செயலைக் கண்டு சமைத்தது. ஒரு தந்தி அதிர, அதே சுருதியில் நின்ற மற்றொரு தந்தி தானே அதிர்வதைப் பரிவு என்றனர். எவ்வளவு அருமையான ஆட்சி! அதனை ஆக்கியவர் தந்தியின் முன் இருந்து கேட்டவராகவே இருத்தல் வேண்டும். நானோ கொட்டிலை எட்டிப் பாராமல் சொல் கொடுத்தேன். தமிழாசிரியர் பலர் இன்றும் இவ்வாறே ஆங்கிலச் சொல்லின் முகத்தை மட்டும் பார்த்துத் தமிழ்ச்சொல் கொடுக்கின்றோம். தச்சரையும் மேசனையும் பௌதிகவியல் ஆசிரியரையும் கேட்பதைக் குறைவாக எண்ணுகின்றோம்.

ஒரு நண்பர் கேட்டார்: ஒலிபெருக்கிகள் ஊரையே அதிரவைக்கும் நாட்டில் ஒரு மிருதங்கத்திற்கு இவ்வளவு சுவர் எதற்கு? 1996 இல் வெளியான ஒலிக்கட்டுப்பாட்டு விதிகள் பிரதேச சபை எல்லைகளில் பகலுக்கு 55, இரவுக்கு 45 தெசிபெல் என்று அளவு வகுத்தன. அவற்றை ஊரார் எவ்வளவு மதித்தனர் என்பதை வாசகர்கள் அறிவர். பிறர் மதியாமை மதிலுக்கு அப்பால் இருந்து படிக்கும் பிள்ளைக்கு ஆறுதலாகுமா? கேளாமலே தன் ஓசைக்குத் தானே அணை கட்ட முற்பட்ட இளைஞனை, இடம் வீணாகிறதென்று கடிந்த பெரியோருள் நானும் முதலில் ஒருவனாய் இருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

அப்பிள்ளையின் பரீட்சை முடியும்வரை வாசிப்பு நின்றது. இப்போது தகரக் கதவு இருந்த இடத்தில் கற்சுவரும், பக்கத்தில் கனத்த வேப்பமரக் கதவும் உள்ளன. ஓட்டின் கீழ் இரட்டைப் பலகை முகடு அமைந்தாயிற்று. உட்சுவர் ஒன்று முடிந்து, மற்றவை அடுத்த சீட்டுக்குக் காத்திருக்கின்றன. காற்றுக்கு வழி விடுவதே பெரும்பாடு. காற்றுப் புகும் வழியே ஒலியும் புகுமாகையால், வளைந்து வளைந்து செல்லும் பெட்டி ஒன்றைத் தச்சர் செய்துகொண்டிருக்கிறார். அதுவரை சித்திரை வெயிலில் அரைமணி வாசித்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்து நிற்கிறான். கதவின் கீழ் இன்னும் ஒரு விரற்கடை இடைவெளி உண்டு. அதை அடைக்க இறப்பர்ப் பட்டி வாங்கி வரவென்று இன்று காலை சுன்னாகத்திற்குச் சென்றான். பலகையில் நான் கொடுத்த பெயரை அழித்துவிட்டான். புதிய பெயர் எழுதவில்லை. தமக்கையார் அதனைக் கார்க்கொட்டில் என்றே சொல்கிறார்.