'தரலாம்' என்றால் தர மாட்டார்கள்

என் சித்தப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. உட்கார்ந்தால் நாலு மணி நேரம். அவர் காலண்டரில் அமாவாசை, கிருத்திகை எல்லாம் கிடையாது. மெஷின் நாள், மெஷின் இல்லாத நாள், அவ்வளவுதான்.

2025 ஆகஸ்டில் டெல்லியில் அவருடைய மகள் வயிற்றுப் பேரனுக்கு ஆண்டு நிறைவு. சித்தப்பா ராணுவத் தளபதி மாதிரி திட்டம் போட்டார். சனிக்கிழமை காலை டயாலிசிஸ், சாயந்திரம் விமானம். ஞாயிறு விழா. திங்கள் ராத்திரி திரும்பினால் செவ்வாய் காலை மறுபடி மெஷின். அவருக்கும் சித்திக்குமாகப் போக வர 22,400 ரூபாய். ரிடையரான பள்ளிக்கூட வாத்தியாருக்கு அது சின்னத் தொகை இல்லை.

வெள்ளிக்கிழமை கையில் ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டது. ஊசி குத்துவதற்கென்று கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருப்பார்களே, அது. உடனே அட்மிட். டெல்லியாவது, ஆண்டு நிறைவாவது!

விமான கம்பெனிக்கு நான்தான் போன் செய்தேன். "மெடிக்கல் எமர்ஜென்சியா சார்?" என்று ஒரு பெண் அக்கறையோடு கேட்டாள். ஆமாம்மா என்றேன். சர்டிபிகேட்டை மெயிலில் அனுப்பச் சொன்னாள். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. பயணியின் சிறுநீரக நோய் டிக்கெட் வாங்கும்போதே இருந்திருக்கிறது, ஆகவே இதை எதிர்பாராத அவசரமாகக் கருத இயலாதாம். வரி, விமான நிலையக் கட்டணம் வகையறா போக மிச்சமெல்லாம் அவர்களுக்கு. எங்கள் கைக்கு வந்தது 3,160 ரூபாய்.

டிக்கெட் வாங்கும்போது டிராவல் இன்ஷூரன்ஸ் கட்டத்திலும் டிக் அடித்திருந்தோம். அவர்களும் அதே பாட்டு. 'ஏற்கெனவே உள்ள நோய்' பாலிசியில் சேராது.

இந்த வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆரோக்கியமாக இருக்கிற ஆள் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் அது அவசரம். இருபது வருஷமாகச் சர்க்கரையோடும் டயாலிசிஸோடும் போராடுகிறவனுக்கு ஆபத்து வந்தால், 'உனக்குத்தான் முன்னாடியே தெரியுமே!' சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பது தெரியும். வெள்ளிக்கிழமை ஃபிஸ்டுலா அடைக்கும் என்று எந்த ஜோசியர் சொன்னார்? தீராத நோய் என்பதே, என்றைக்கு எழுந்து கடிக்கும் என்று தெரியாத நாயை வீட்டில் வைத்துக்கொண்டு வாழ்வதுதான்.

இன்னொரு வேடிக்கை. உங்கள் உடம்பு சரியில்லை என்று சந்தேகம் வந்தால், பறக்கத் தகுதி இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் வேண்டும் என்று விமான கம்பெனி கேட்கலாம். மெடிஃப் என்று பெயர். அது இல்லாமல் வந்தால் ஏற்ற மறுக்கலாம். அதாவது ஏற்றாமல் இருப்பதற்கு டாக்டரின் சொல் வேதவாக்கு. பணத்தைத் திருப்பித் தருவதற்கு மட்டும் அதே டாக்டரின் சொல் காகிதக் குப்பை!

விதி என்ன சொல்கிறது? ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டக் கூடாது என்று டி.ஜி.சி.ஏ. 2016-ல் சொன்னது. முழுசாக விழுங்கிக்கொள், தட்டைக் கடிக்காதே என்று இதற்கு அர்த்தம். 2025 நவம்பரில் ஒரு புது வரைவு வெளியிட்டார்கள். மருத்துவ அவசரத்தால் ரத்து செய்தால் விமான நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரலாம், அல்லது கிரெடிட் ஷெல் தரலாம் என்று அதில் ஒரு வரி. தமிழ் வாத்தியாரான சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். "வியங்கோளும் இல்லை, ஏவலும் இல்லை. சும்மா 'லாம்'! இஷ்டமிருந்தா குடுப்பான்" என்றார். கிரெடிட் ஷெல்லுக்குக் காலக்கெடு உண்டு என்றதும் சிரித்தார். "நான் அதுவரைக்கும் இருப்பேன்னு அவனுக்கு இருக்கற நம்பிக்கை என் டாக்டருக்கே இல்லையேடா."

இதே கம்பெனிகள் 2020-ல் ஊரடங்கால் பறக்க முடியாமல் போனபோது என்ன செய்தன? ஜனங்களின் பணத்தை கிரெடிட் ஷெல்லில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தன. உச்ச நீதிமன்றம் அந்த வருடம் அக்டோபர் 1-ம் தேதி தலையிட்டுத் திருப்பித் தரச் சொன்னது. ஷெல்லில் கிடக்கும் பணத்துக்கு மாதம் 0.5 சதவிகிதம், பிறகு 0.75 சதவிகிதம் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது. ஆக, மனசு வைத்தால் முடியும். அதற்கு டெல்லியில் நீதிபதிகள் அதட்ட வேண்டியிருக்கிறது.

தனியாரை விடுங்கள். ரயில்வே நம்முடையதுதானே? அங்கே கதை இன்னும் விசித்திரம். நோயாளிகளிடம் ரயில்வேக்குக் கருணை இல்லை என்று சொல்ல முடியாது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே கிடையாது. டயாலிசிஸுக்குப் போகும் சிறுநீரக நோயாளிக்கு 75 சதவிகிதச் சலுகை. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகையைப் பிடுங்கியபோதுகூட 11 வகை நோயாளிகளுக்கான சலுகையில் கை வைக்கவில்லை. இதற்காக ஒரு வணக்கம்.

ஆனால் அந்த நோயாளி டிக்கெட்டை ரத்து செய்தால்? எல்லோருக்கும் உள்ள பிடித்தம்தான். 2015 நவம்பரில் அந்தப் பிடித்தத்தை ஒரே அடியாக இரட்டிப்பாக்கினார்கள். ஸ்லீப்பருக்கு 60 ரூபாய் 120 ஆனது, மூன்றடுக்கு ஏ.சி.க்கு 90 ரூபாய் 180 ஆனது. அதுவும் சீக்கிரம் ரத்து செய்தால்தான். நேரம் நெருங்க நெருங்க 25 சதவிகிதம், 50 சதவிகிதம், கடைசியில் பட்டை நாமம். நோய்க்கென்று அந்தப் படிக்கட்டில் தனிப் படி கிடையாது. முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னால் தொடங்குகிறது. அன்றைக்கே போட்டால்தான் பல ரயில்களில் இடம். இரண்டு மாதம் கழித்து உடம்பு எப்படி இருக்கும் என்று எந்த நோயாளி சொல்ல முடியும்? சரி, தட்காலில் போகலாம் என்றால் தட்காலில் சலுகை கிடையாது. ரத்து செய்தால் உறுதியான டிக்கெட்டுக்குப் பைசா திரும்பாது.

காட்பாடி ஸ்டேஷனில் ஒருநாள் போய் நின்று பாருங்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள் மூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் 'இன்னும் நாலு நாள் இருங்க' என்று சொன்னால் திரும்பும் டிக்கெட் போச்சு. அந்த பெர்த்தோ காலியாகப் போவதில்லை. பெரும்பாலும் வெயிட்டிங் லிஸ்ட்டில் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போகிறது, அவரிடமும் முழுக் கட்டணம் வாங்கியாயிற்று. ஒரே பெர்த்துக்கு ஒன்றரைக் கட்டணம்! இதில் ரயில்வேக்கு என்ன நஷ்டம்?

'பொய் சர்டிபிகேட் கொடுத்து ஏமாற்றுவார்களே' என்பார்கள். ஏமாற்றுவார்கள்தான். நம் ஊரில் லீவுக்குக் கொடுக்கிற மெடிக்கல் சர்டிபிகேட்டின் லட்சணம் எனக்கும் தெரியும். ஆனால் சலுகை டிக்கெட்டுக்கு ஆஸ்பத்திரி கையெழுத்திட்ட ஃபாரத்தை ரயில்வே ஏற்கெனவே வாங்குகிறதே? அந்த ஃபாரம் கொடுத்தவருக்கு, ரயில் கிளம்பும் வரை பிடித்தமில்லாமல் ரத்து செய்யும் உரிமை கொடுங்கள். விமானத்துக்கும் அதே ஃபாரத்தை வையுங்கள். 'தரலாம்' இருக்கும் இடத்தில் 'தர வேண்டும்' என்று எழுதுங்கள். புது இலாகா வேண்டாம், கமிட்டி வேண்டாம்.

அதுவரை? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எதிர்த் தரப்பின் நஷ்டத்துக்குத் துளியும் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது. சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிட மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 22,400 ரூபாய்க்கு இது தேவையா என்று சித்தி கேட்டாள். சித்தப்பாவின் கவலை வேறு.

"வாய்தாவை செவ்வாய்க்கிழமை போட்டுட்டா நான் எப்படிடா போறது?"

வீடியோவிலேயே விசாரிக்கவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்றேன்.

"அப்ப சரி. நாலு மணி நேரம் சும்மாதானே கெடக்கறேன். மெஷின்ல இருந்தே பேசறேன். மனுவை எழுது" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.