சின்னச் சூரியனை வீட்டில செய்யலாமா?

2018இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 13 வயதுகூட நிரம்பாத ஒரு பையன், வீட்டிலேயே கருவி செய்து அணுக்கரு இணைவை நடத்திக் காட்டினான். அந்த வீடியோவைப் பார்க்கிற பிள்ளைகள், "அப்பா, நாங்களும் செய்வமா?" என்று கேட்கிறார்கள். "உதெல்லாம் ஏலாது" என்று சொல்லித் தப்பப் பார்க்காதேங்கோ. அவன் செய்தது உண்மைதான்.

அந்தக் கருவியின் பெயர் ஃபியூசர். தொலைக்காட்சிக்கு வழிசமைத்தவர்களில் ஒருவரான ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் 1960களில் உருவாக்கியது. காற்றை உறிஞ்சி எடுத்த உலோகக் கலத்துக்குள் டியூட்டீரியம் என்ற கன ஐதரசனைக் கொஞ்சம் விட்டு, உயர் மின்னழுத்தம் கொடுத்தால் சில அணுக்கருக்கள் மோதி இணையும். ஆனால் செலவழிக்கிற மின்சாரத்தோட ஒப்பிட்டால் கிடைக்கிற சக்தி ஒன்றுமேயில்லை. இணைவை நடத்துவது வேறை, அதிலிருந்து மின்சாரம் எடுப்பது வேறை.

டியூட்டீரியத்துக்குப் பஞ்சமில்லை. இங்க கால்சாவில ஃபோரோ இத்தாலிக்கோவில் நிண்டால் முன்னால தெரியிற கடலிலயே இருக்கு. ஒரு கன மீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 33 கிராம். அப்ப ஏன் கைக்கு அடக்கமான உலை இன்னும் வரவில்லை?

தேத்தண்ணியைப் பாருங்கோ. சின்னக் கோப்பையில் ஊற்றினது கெதியா ஆறிப்போகும், பெரிய பானையில் இருப்பது ஆற நேரம் எடுக்கும். உலையின் நீள அகல உயரத்தைப் பாதியாக்கினால், வெப்பம் உண்டாகும் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும். வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ நாலில் ஒன்றாகத்தான் குறையும். உள்ளே 15 கோடி பாகை வெப்பத்தைக் காக்க வேண்டிய உலைக்கு இது பெரிய நட்டம். பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் உலையின் பிளாஸ்மா வளையத்துக்கு 6.2 மீற்றர் ஆரம் இருப்பதற்கு இது முக்கிய காரணம்.

இரண்டாவது சிக்கல் சுவர். டியூட்டீரியமும் ட்ரிட்டியமும் இணையும்போது வருகிற சக்தியில் ஐந்தில் நாலு பங்கை நியூட்ரோன்கள் கொண்டு ஓடும். மின்னூட்டம் இல்லாததால் காந்தம் அவற்றைப் பிடிக்காது. கிட்டத்தட்ட ஒரு மீற்றர் தடிப்பில் சுவர் வேண்டும். அடுப்பைச் சின்னதாக்கினாலும் சுவரை மெல்லியதாக்க முடியாது.

காந்தத்தைப் பலமாக்கினால் உலையை ஓரளவு சுருக்கலாம். இத்தாலியின் எனி நிறுவனம் முதலிட்டிருக்கும் காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸ், 2021இல் 20 டெஸ்லா காந்தத்தைச் சோதித்துக் காட்டியது. அவர்களின் ஸ்பார்க் உலைக்கு ஆரம் 1.85 மீற்றர். அதற்கும் ஒரு பெரிய கட்டடம் தேவைதான்.

ஃபியூசரை மட்டும் வீட்டில் முயற்சிக்க விடாதேங்கோ. அதில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட், எக்ஸ் கதிரும் நியூட்ரோனும் வரும். தெரிந்தவர்களின் மேற்பார்வையில், ஆய்வுகூடத்தில்தான் தொட வேண்டிய சாமான்.

வீட்டில் செய்யக்கூடியது இது: ஒரே சூடான தண்ணியை ஒரு சின்னக் கோப்பையிலும் ஒரு பெரிய பாத்திரத்திலும் ஊற்றுங்கோ. ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா வெப்பமானியால் அளந்து பிள்ளையே எழுதட்டும். பிறகு ஏன் உலை பெரிசு என்று அவையையே தமிழில் சொல்லச் சொல்லுங்கோ.